அப்பா இறங்கிய பஸ் நிலையம்

எங்கள் நகரத்துப் பஸ் நிலையத்துக்கு நான் தினமும் போகிறேன். முதியோர் இல்லமொன்றில் எனக்கு வேலை. அங்கே போகும் நகர பஸ் முன்வரிசையில் வந்து நிற்கும். முன்வரிசையில் காத்திருப்பவர்கள் கையில் பெரிதாக ஒன்றும் வைத்திருப்பதில்லை. பஸ் கொஞ்சம் பிந்தினாலே தங்களுக்கு ஏதோ அநியாயம் நடந்துவிட்டதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் லுசேர்ண் பக்கமும் மலையூர்களுக்கும் போகிற மஞ்சள் பஸ்கள். அவற்றைத் தாண்டி, சுவரோரம் இருக்கிற கடைசி மேடையில்தான் வெளிநாட்டு பஸ்கள் நிற்கும். மிலானோ, ஸ்டுட்கார்ட், பாரிஸ் என்று முன்கண்ணாடியில் எழுதியிருக்கும். அந்த மேடையில் மட்டும்தான் ஆட்கள் பைகளின்மேல் உட்கார்ந்திருப்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள். முன்வரிசைக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நானும் இப்போது முன்வரிசைக்காரிதான். ஆனாலும் திரும்பாமல் இருக்க எனக்கு வராது.

என் அப்பா சுவிஸில் எங்களோடு வாழ வந்தவர். அந்தக் கடைசி மேடையில், பஸ் கதவிலிருந்து பொலிஸ் வாகனம் வரைக்கும்தான் அவர் வாழ்ந்தார்.

2009இல் ஊரில் சண்டை முடிந்தபோது எனக்கு ஐந்து வயது. சோதனைச் சாவடியில் ஆண்களை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். தோளில் இருந்த என்னை இறக்கி அம்மாவிடம் தந்துவிட்டு அப்பா அந்த வரிசைக்குப் போனார். அதற்குப் பிறகு ஆளைப் பற்றித் தகவல் இல்லை. அம்மா போய் நிற்காத வாசல் இல்லை, கேட்காத ஆள் இல்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, அப்போதே பல காலமாக லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார். அவர்தான் அலைந்து திரிந்து எங்கள் இரண்டு பேரையும் இங்கே எடுத்துவிட்டார். அகதியாகப் பதிந்தபோது கணவர் எங்கே என்று அதிகாரி கேட்டார். காணாமல் போய்விட்டார் என்று அம்மா சொன்னார். அது உண்மை. அம்மா வாழ்க்கையில் சொன்ன உண்மைகளில் எங்களை அதிகம் படுத்தியது அதுதான்.

அடுத்த குளிர்காலத்தில் மாமாவின் தொலைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அப்பா உயிரோடு இருந்தார். எப்படியோ வெளியே வந்து, ஆட்களைக் களவாக எல்லை தாண்டவிடுகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் கொண்டுவந்து விட, இத்தாலி வரைக்கும் வந்து சேர்ந்திருந்தார். அம்மா குசினி நிலத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு சிரித்தார். அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்துக் கருகியது, அதையும் பார்த்துச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அந்தச் சந்தோஷம் அன்று முழுக்க இருந்தது. விடிந்ததும் பயம் வந்துவிட்டது.

எங்கள் சனத்துக்கு அகதிக் கேஸ் என்றால் கோயில் மூலஸ்தானம் மாதிரி. அதைத் தொடவும் கூடாது, கிட்டப் போய்ப் பார்க்கவும் கூடாது. அம்மாவின் கேஸுக்கு இன்னும் முடிவு வந்திருக்கவில்லை. மாமா லீவு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"காணாமல் போனவர் எண்டு சொல்லித்தானே பிள்ளை கேஸ் குடுத்தனி? இப்ப ஆள் உயிரோடை வந்து நிண்டால், எல்லாம் பொய் எண்டு எழுதிப்போட்டு மூண்டு பேரையும் ஊருக்குத் திருப்பி ஏத்திப் போடுவாங்கள்," என்றார்.

ஏஜென்சிக்காரனும் தொலைபேசியில் அதையேதான் சொன்னானாம். அவனே ஒரு திட்டமும் தந்தான். அப்பா மிலானோ பஸ்ஸில் வருவார். எங்களைத் தெரியாத ஆள்போல இறங்கி, நிலையத்துக்குப் பின்தெருவில் நிற்கும் மாமாவின் காரில் ஏறுவார். கொஞ்ச நாள் கழித்துத் தனி ஆளாகப் போய்ப் பதிவார். எல்லாருக்கும் விசா கிடைத்த பிறகு, தற்செயலாகக் கண்டுபிடித்ததுபோல நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதைப் பற்றி ஒரு சுவிஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரரிடம் கேட்டால் கேஸ் கெட்டுப் போகும். கேட்க வேண்டியது எங்களுக்குக் கொஞ்சம் முந்தி வந்த தமிழனிடம். அவன் தனக்கு முந்தி வந்தவனிடம் கேட்டிருப்பான். எங்கள் சட்டப் புத்தகம் அப்படித்தான் வாய்வழியாக வந்தது.

அம்மாவும் நானும் நிலையத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம். மாமாவும் அதைத்தான் சொன்னார். அம்மா கேட்கவில்லை. எட்ட நின்றாவது ஆளைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் தனக்குத் தோன்றும் என்றார். என்னை விட்டுவிட்டு வர ஆளும் இல்லை. அதனால் எல்லாருடைய கவலையும் என்மேல் வந்து விழுந்தது. ஆறு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்குமா?

எனக்கு ஒத்திகை வைத்தார்கள். மாமாதான் அப்பா. ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்கதவைத் திறந்து வருவார். நான் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்க்க வேண்டும். முதல் தடவை சிரித்துவிட்டேன். அப்பாவுக்கு இவ்வளவு வண்டி இல்லை என்றேன். மாமா தன் வயிற்றைத் தடவிக்கொண்டு தானும் சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை ஓடிப்போய் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. அம்மா என் முன்னால் குந்தியிருந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா எண்டு கூப்பிடப்படாது. அவரின்ரை முகத்தைப் பாக்கவும் படாது. ஆர் கேட்டாலும் தெரியாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. அடுத்த தடவை மாமா வந்தபோது குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு துண்டு சொக்லேட் கிடைத்தது. சரியாகச் செய்தால் அன்றைக்கு முழுச் சொக்லேட்டும் உனக்குத்தான் என்று அம்மா சொன்னார். எனக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. கிண்டர்கார்டனிலும் இப்படி அசையாமல் நிற்கிற விளையாட்டு ஒன்று இருந்தது, அதில் நான் கெட்டிக்காரி.

அன்றைக்குப் பனியும் மழையும் கலந்து கொட்டியது. கடைசி மேடையில் காசு போட்டால் தின்பண்டம் விழுத்துகிற இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில், யாருக்கோ காத்திருக்கிற மாதிரியும் இல்லாமல் எங்கேயோ போகிற மாதிரியும் இல்லாமல் நின்றோம். எங்களுக்கு அப்படி நிற்கத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த மேடையில் வேறு கறுத்த முகங்கள் இருக்கவில்லை. பஸ் வந்தது. எங்கிருந்தோ இரண்டு எல்லைப் பொலிஸ்காரர் வந்து அதன் கதவடியில் நின்றுகொண்டார்கள். இறங்கியவர்கள் ஒவ்வொருவராக அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அப்பாவை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நல்லாய் மெலிந்திருந்தார். யாரோ கொடுத்த மெல்லிய ஜாக்கெட்டை நாடிவரைக்கும் இழுத்துப் பூட்டியிருந்தார். பொலிஸ்காரர் கேட்டதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை என்பதை எந்த நாட்டிலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அவர்கள் ஆளுக்கொரு பக்கமாக நின்று அவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். வாகனம் எங்களுக்குப் பின்னால் நின்றது. ஆகவே எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். உள்ளே ஓர் உருளைக்கிழங்குப் பொரியல் பக்கற் பாதி வெளியே வந்து கம்பிச் சுருளில் சிக்கிக்கொண்டு விழாமல் நின்றது. அப்பாவின் அன்றைய முகத்தைவிட அந்தப் பக்கற்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் எங்களருகில் நின்றுவிட்டார்கள். ஒருவர் அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டார். அம்மாவுக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் வணக்கமும் நன்றியும்தான். அம்மா என்னைப் பார்த்தார். பொலிஸ்காரர் குனிந்து, எனக்குப் பழக்கமான சுவிஸ் ஜெர்மனில், மிகவும் அன்பாக, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அப்பாவின் சப்பாத்துகள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. ஒன்றுக்குக் கறுப்பு நூல், மற்றதுக்கு வெள்ளை.

"நைன்," என்றேன். இல்லை, தெரியாது.

அம்மாவுக்காக நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான். பொலிஸ்காரர் நன்றி சொல்லிவிட்டு என் தொப்பியை மெதுவாகத் தட்டினார். சப்பாத்துகள் போயின. வாகனக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா அசையவில்லை. மிலானோ பஸ் ஆட்களை மாற்றி ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போன பிறகுதான் என் கையைப் பிடித்தார். முன்வரிசைக்கு வந்து நகர பஸ் ஏறி வீட்டுக்குப் போனோம். சொன்ன வாக்கு என்பதால் அம்மா முழுச் சொக்லேட்டையும் எடுத்துத் தந்தார். நான் தின்றேன். அது இனிப்பாகத்தான் இருந்தது.

விசாரணையில் அப்பா சுவிஸில் தனக்கு ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் அதே ஒத்திகையைத் தொலைபேசியில் கொடுத்திருந்தார்கள். கைரேகை ஏற்கெனவே இத்தாலியில் பதிவாகியிருந்தது. முதலில் கால் வைத்த நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று சில வாரங்களில் அனுப்பிவிட்டார்கள். மாமா ஏஜென்சிக்காரனைத் திட்டினார். ஏஜென்சிக்காரன் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று சத்தியம் பண்ணினான். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று எல்லாரும் சொன்னதைச் சொன்னபடி செய்தோம், அவ்வளவுதான்.

அதன்பிறகு எங்களுக்கு எஃப் விசா கிடைத்தது. உன்னை அனுப்பவும் மாட்டோம், இரு என்று சொல்லவும் மாட்டோம் என்கிற விசா அது. அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்டக் கூடாது. அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போனார். அப்பா இத்தாலியில் முகாமில் கிடந்து, பிறகு தோட்டங்களில் பழம் பிடுங்கி, கடைசியில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். அம்மா என்னிடம் தருவார். சாப்பிட்டீங்களோ, அங்கை குளிரோ, அம்மாட்டைக் குடுக்கிறன் என்று நான் பேசி முடித்துவிடுவேன். அப்பா என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. ஒரு தரம் மூடி வைத்த சொல்லைத் திரும்பத் திறக்க எனக்கு யாரும் ஒத்திகை வைக்கவில்லை.

எனக்குப் பத்து வயதளவில் யாரோ சொல்லி, அகதிகளுக்கு ஆலோசனை கொடுக்கிற இடமொன்றுக்குப் போனோம். அம்மாவுக்கு அப்போதும் நான்தான் வாய். அங்கிருந்த பெண்மணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அன்று நிலையத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். மனைவியின் வழக்கு சுவிஸில் இருந்தால் கணவரின் வழக்கையும் சுவிஸ்தான் எடுக்க வேண்டும், விதி அப்படித்தான் இருந்தது என்றார். காணாமல் போனவர் உயிரோடு வருவது பொய்யாகிவிடாது, அப்படி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், ஒரு வரி திருத்தி எழுதியிருப்பார்கள் என்றார். இவர் என் கணவர் என்று அம்மா சொல்லியிருந்தால் போதும். அல்லது அவர் சொல்லியிருந்தால்.

வாக்கியம் வாக்கியமாக நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு அர்த்தம் பிந்தித்தான் வரும். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா திருப்பிக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பெண்மணி அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். அம்மா அழவில்லை. எழுந்து மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார், ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் நின்றுதான் வாயைத் திறந்தார். "உன்ரை அப்பாவுக்கு இதைச் சொல்லிப் போடாதை. அந்த மனிசன் தாங்காது."

அன்று எனக்கு வந்த கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. மாமாமேல் வைத்துப் பார்த்தேன். பாவம், அவர் பஸ் நிலையத்து அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்கதவால் வரவே கூச்சப்பட்டார். அம்மாமேல் வைக்க மனம் வரவில்லை. அன்பாகக் குனிந்து கேட்ட அந்தப் பொலிஸ்காரர்மேல் கொஞ்ச நாள் வைத்திருந்தேன்.

குடும்பத்தை ஒன்றுசேர்க்கச் சொல்லி அதன்பிறகு மனுப் போட்டோம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அம்மாவின் சம்பளம் போதாது என்றார்கள், வீடு சிறிது என்றார்கள், இங்கே ஒருவரும் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்டார்கள். மறுபடி போட்டோம், மறுபடியும் அதே பதில்தான் வந்தது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். ஒரு கட்டத்தில் நாங்கள் எதற்குக் காத்திருக்கிறோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று, காத்திருப்பது மட்டும் நின்றபாடில்லை.

நான் மேல்வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு இத்தாலி அட்டை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இங்கே குடியிருக்கவோ வேலை செய்யவோ முடியாது, வந்து பார்த்துவிட்டுப் போகலாம். பண்ணையில் ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள். அதே மிலானோ பஸ்ஸில் வந்தார். நிலையத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். ஆனால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தின்பண்ட இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார். இயந்திரம் புதியது.

கதவடியில் பொலிஸ் இல்லை. முன்னந்தலை நரைத்த ஒருவர் இறங்கினார். சுற்றிப் பார்த்தார். எங்களைக் கண்டார். கண்டதும் கண்ணை எடுத்துக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி எங்களைத் தாண்டி நேரே நடந்தார்.

"இஞ்சாருங்கோ," என்று அம்மா கூப்பிட்டார்.

அப்பா நின்றார். திரும்பி வந்து, வெட்கப்பட்டுச் சிரித்தார். பழக்கதோஷம் என்றார். அம்மாவும் சிரிக்கப் பார்த்தார். ஒருவரை ஒருவர் தொடலாமா கூடாதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் அம்மா அவருடைய பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அந்த ஒரு வாரம் அப்பா எங்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்தார். ஹோலில் படுத்தார், விடிய எழும்பிப் போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். குளிர்ப்பெட்டியைத் திறக்க முன்னம் திறக்கட்டுமோ என்று கேட்டார். என் படிப்பைப் பற்றிக் கேட்டபோது எனக்குப் பாதிச் சொற்கள் தமிழில் வரவில்லை, இந்தத் தடவை அம்மாதான் மொழிபெயர்த்தார். முதல் இரண்டு நாளும் ஊரைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு காலநிலையைப் பற்றி. பிறகு அப்பா மாடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மாடு குளிருக்குப் பால் குறைக்கும், எது இடியோசைக்கு மிரளும் என்று அவற்றைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் முகம் ஒரு வீட்டுக்காரனின் முகமாக இருந்தது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் இவ்வளவு மோசம் இல்லை.

போகிற நாள் மூன்று பேரும் கடைசி மேடைக்கு வந்தோம். அம்மா சாப்பாட்டுப் பொதி கட்டியிருந்தார். சாரதி பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த இடத்திலைதானே என்றார். எதைச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

"அங்கை முகாமிலை எல்லாருக்கும் சொல்லுவன்," என்றார். குரலில் ஒரு மினுக்கம். "பொலிஸ் குனிஞ்சு கேக்கிறான். ஆறு வயசு என்ரை பிள்ளைக்கு. கண் வெட்டாமல் தெரியாது எண்டு சொல்லிச்சுது, அதுவும் அவன்ரை பாஷையிலை. உள்ளுக்கை இருக்கேக்கை, வெளியிலை வந்தாப் பிறகு, கஷ்டம் வாற நேரமெல்லாம் அதைத்தான் நினைப்பன். அண்டைக்கு நீ அப்பா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் மூண்டு பேரும் அழிஞ்சிருப்பம்."

கையைத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, என் தலையில் வைத்தார். "நீதான் எங்களைக் காப்பாத்தினனி."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. இயந்திரத்துக்குள் எதையோ தேடுகிறவர்போல அதன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றேன்.

பஸ் புறப்பட்டது. அவர் யன்னலோரம் இருந்து, பஸ் திரும்பும்வரை எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அந்த ஒரு தடவைதான் வந்தார். பிறகு பண்ணையில் லீவு இல்லை என்றார், முழங்கால் நோகிறது என்றார், நாங்களும் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் தொலைபேசி எடுக்கிறார். எப்போதாவது அந்தக் கதையைத் தொடங்குவார். கூட வேலை செய்கிற யாரோ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் ஓம் என்கிறேன். அவரை இன்னும் நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்களிடமிருந்து அந்த மனிதர் கொண்டுபோனது அந்தப் பெருமை ஒன்றுதான். அதையும் திருப்பி வாங்க எனக்கு வாய் வராது.